காசோலையின் பின்புறம்

முட்டத்தில் சகாயசெல்வி டீச்சரின் வீட்டுக்கும் அவளுடைய கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மாமனார் கட்டியது. நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தபோது, அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிந்துவிடக் கூடாது என்று அதை மார்பளவோடு நிறுத்திவிட்டார். பேச்சு முறியவில்லை. ஆனால் பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று சொல்லக்கூடிய எல்லாவற்றையும் சகாயசெல்வி அந்த மதில் வழியாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

மதிலுக்கு அந்தப் பக்கம் பெபிஷா. அவளுடைய கணவன் பிரைட்டன் துபாயில் ஏசி மெக்கானிக். அவன் லீவில் வரும்போது திருவனந்தபுரத்திலிருந்து கார் வரும். காரின் மேல் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள் வரும். பெட்டியைப் பிரிக்கும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது பாத்திரமா துணியா என்று சகாயசெல்வியால் சொல்ல முடியும். அவள் ஏழை இல்லை. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. மாதம் பிறந்தால் சம்பளம். கணவன் சிலுவைதாசன் விசைப்படகு டிரைவர். கொச்சியில் தங்கி மீன்பிடிக்கப் போகிறவன். இருந்தாலும் ஒரு மிக்சி வாங்க அவள் இரண்டு மாதம் யோசிப்பாள், மூன்று கடை ஏறி இறங்குவாள். பெபிஷாவோ யோசிப்பதே இல்லை. போனில் ஒரு வார்த்தை சொல்வாள், பொருள் வந்துவிடும். அந்த யோசிக்காமைதான் சகாயசெல்வியின் வயிற்றில் நின்று எரிந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் அவள் இதை மறைத்ததில்லை. "பொறாமை, சாமி" என்பாள். கம்பிக்கு அப்புறமிருந்து பங்குச்சாமியார் ஒரு பெருமூச்சு விடுவார். பரிகாரமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொல்வார். அவள் சொல்லி முடித்து வீட்டுக்கு வந்து, துணி துவைக்கக் கல்லடிக்குப் போனால் மதில் அங்கேயே இருக்கும்.

2007 கிறிஸ்துமஸுக்குப் பெபிஷா வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தது. அதன் தண்ணீர் போகும் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கழிவுநீர்ச் சாலில்தான் விழுந்தது. சகாயசெல்வி குந்தியிருந்து சிலுவைதாசனின் மீன்வாடை பிடித்த கைலிகளைக் கல்லில் அடிக்கும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து நுரை பூப்பூவாக மிதந்து அவளுடைய கால்விரல்களைத் தொட்டுக்கொண்டு போகும். நல்ல வாசனை வேறு.

"அக்கா, கை நோவலியா? கொண்டாங்க, நான் மெஷின்ல போட்டுத் தாறேன்" என்பாள் பெபிஷா, மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு.

"வேண்டாம் பிள்ளே. கையில தொவச்சாத்தான் அழுக்கு போவும்."

"அது சரியாக்கும். கடல்ல போறவங்களுக்க துணியில்லா!"

அவள் சொன்னதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று சகாயசெல்வி அன்று முழுக்க யோசித்தாள்.

மார்ச் மாதம் ஸ்ரீஜித் என்ற பையன் பள்ளி ஆசிரியர் அறைக்கு வந்தான். மார்த்தாண்டத்துக்காரன், கழுத்தில் டை, கையில் கிரெடிட் கார்டு விண்ணப்பங்கள். புதிய கார்டில் வீட்டுப் பொருள் வாங்கினால் ஒரு வருடத்துக்கு வட்டியே கிடையாது, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்றான். மற்ற ஆசிரியைகள் சிரித்து அவனை அனுப்பிவைத்தார்கள். சகாயசெல்வி அவன் பைக் எடுக்கிற இடம் வரைக்கும் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

சிலுவைதாசனிடம் போனில் சொன்னாள். அவன் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"வட்டி உண்டுமா?"

"ஒரு பைசா கெடையாது."

"சத்தியமா?"

"அச்சடிச்சு எழுதியிருக்கு. நான் வாசிச்சேன்."

"அப்ப வாங்கு. வட்டின்னு ஒரு சொல்லு நம்ம வீட்டுக்குள்ள வரப்பிடாது கேட்டியா."

அவனுடைய அப்பா எஞ்சின் வாங்க ஒரு வியாபாரியிடம் கடன் வாங்கி, அந்த வட்டிக்காகப் பிடித்த மீனையெல்லாம் அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்து ஓய்ந்தவர். சிலுவைதாசனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறிவிடும்.

பதினெட்டாயிரத்துக்கு மெஷின் வந்தது. பெபிஷாவின் மெஷினைவிட ஒரு சுற்றுப் பெரியது. இறக்கும்போதே சகாயசெல்வி மதிலருகில் போய் நின்றாள்.

"எம்புட்டு அக்கா?"

"வெலய விடு பிள்ளே. வட்டி ஒரு பைசா கெடையாது. கவர்மென்ட் சம்பளக்காரங்களுக்குத்தான் குடுக்கான். தவணைதவணையாக் கெட்டினாப் போரும்."

பெபிஷா ஒரு கணம் தன் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணத்துக்காகப் பதினெட்டாயிரம் கொடுத்திருக்கலாம் என்று சகாயசெல்விக்குத் தோன்றியது. பிறகு வந்த நாட்களில் சந்து முழுக்க, மீன் வாங்கும் இடத்திலும், கோவில் வாசலிலும், "ஒரு பைசா வட்டி கெடையாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அது மெஷினைவிடப் பெரிய பொருளாகிவிட்டது.

மே மாதம் பெபிஷாவின் மகள் ரெஜிஷாவுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கடற்கரையில் அதைச் சின்னக் கல்யாணம் போலத்தான் நடத்துவார்கள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி, பந்தல், பிரியாணி. சொந்தக்காரர்கள் பிள்ளைக்கு நகை போடுவார்கள். பெரியம்மா என்ற முறையில் சகாயசெல்வி ஒரு மோதிரம் வாங்கி வைத்திருந்தாள். போதுமானதுதான். அதற்கு இரண்டு நாள் முன்னால் மதிலுக்கு அப்புறம் பெபிஷா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. "எனக்க அக்கா கொளச்சல்லேந்து கனமா என்னவோ கொண்டு வாறாளாம்" என்றாள். அவ்வளவுதான் கேட்டது.

சகாயசெல்வி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். ஏ.டி.எம்.மில் அதே கார்டைச் செருகிப் பத்தாயிரம் ரொக்கம் எடுத்தாள். மோதிரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து, மேலே பணம் போட்டு ஒரு பவுனுக்குக் கூடுதலாகக் காப்பு வாங்கினாள். ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதையும் கணக்குப் போட்டுத்தான் எடுத்தாள். அகவிலைப்படி நிலுவை அடுத்த மாதம் வருகிறது. அதை அப்படியே ரொக்கத்துக்குக் கட்டிவிட்டால் ஒரு மாத வட்டி, முந்நூறோ நானூறோ, யாருக்கும் தெரியாமல் போய்விடும். மெஷின் பாக்கி தன்பாட்டுக்கு வட்டியில்லாமல் கிடக்கும்.

கொளச்சல் அக்கா கொண்டுவந்தது மோதிரம்தான். பந்தலில் எல்லோரும் பார்க்க, சகாயசெல்வி ரெஜிஷாவின் கையில் காப்பைப் பூட்டினாள். அன்று அவள் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாள்.

ஜூனில் நிலுவை வந்தது. பத்தாயிரத்துக்குக் காசோலை எழுதினாள். எழுதியபின் அதைத் திருப்பி, பின்புறத்தில் அழகான கையெழுத்தில், முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலுமாக, 'இந்தப் பணம் மே மாதம் எடுத்த ரொக்கத்துக்கு மட்டும்' என்று எழுதினாள். நாகர்கோவில் கிளையிலிருந்த பெட்டிக்குள் போட்டாள்.

அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அவர்களுடைய அன்பியத்துக்கு, அதாவது அந்தச் சந்துக்காரர்கள் சேர்ந்த ஜெபக் குழுவுக்கு, அவள்தான் பொருளாளர். கோவிலுக்குக் காசு கொடுப்பவர்கள் கவரின் மேல் அது எதற்கென்று எழுதித்தான் கொடுப்பார்கள். கோபுர நிதி, சப்பரத்துப் பூ, இறந்தவருக்குப் பூசை. பூசைக்கென்று எழுதியதைப் பூவுக்கு எடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. ஒரு வருடம் சப்பரத்துக்கு வந்த பணத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டார்கள். கொடுத்தவர் கோவில் முற்றத்தில் நின்று போட்ட சத்தத்தில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் தங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார்கள். கொடுக்கிறவன் எதற்கென்று எழுதினானோ அதற்குத்தான் பணம். இது அவளுக்கு வேதபாடம் மாதிரி.

ஜூலையில் கார்டு பில் வந்தது. ரொக்கப் பத்தாயிரம் அசையாமல் நின்றது. கீழே வட்டி. மெஷின் பாக்கியோ ஒரேயடியாகச் சரிந்து ஆறாயிரத்துக்கும் கீழே வந்திருந்தது. அவள் இரண்டு தடவை வாசித்தாள். யாரோ கவரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

ஸ்ரீஜித்தைப் போனில் பிடித்து, பள்ளி விட்ட பிறகு வேப்பமரத்தடிக்கு வரச் சொன்னாள். அவன் பில்லைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"தெற்றொண்ணும் இல்ல டீச்சர். சரியாத்தான் போட்டிருக்கு."

"எப்பிடிச் சரியாவும்? ரொக்கத்துக்குன்னு செக்குக்க பொறத்த எழுதியிருக்கேன்லா?"

அவன் சிரிப்பை அடக்க முயன்றான், முடியவில்லை. "பொறத்த எழுதினா ஆரு டீச்சர் வாசிக்கியதுக்கு? செக்கைக் கம்ப்யூட்டராக்கும் வாசிக்குது. அதுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. நம்பர்தான்."

"அப்ப பணம் எங்க போகணும்னு ஆரு தீருமானிக்கா?"

"பேங்கு. பணம் வந்தா மொதல்ல பீஸும் வட்டியும் எடுப்பான். பொறவு வட்டியில்லாத பாக்கி. ரொக்கம் எடுத்தது எல்லாத்துக்கும் கடைசி."

"கடைசியா? அதுக்குத்தானே வட்டி ஓடுது!"

"அதனாலதான் டீச்சர் கடைசி."

மரத்தடியில் பையன்கள் மறந்துவிட்டுப் போன ஒரு செருப்பு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. முன்னால் நிற்கிறவன் சும்மா நிற்கிறான்; அவனுக்கு வட்டியும் இல்லை, அவசரமும் இல்லை. பின்னால் நிற்கிறவனோ நின்ற நாளுக்கெல்லாம் கூலி கேட்கிறான். கொண்டுவருகிற பணம் முழுக்கச் சும்மா நிற்கிறவன் கையில் போகிறது.

"அப்ப மாசாமாசம் நான் கெட்டுகதெல்லாம்?"

"மெஷின் பாக்கி தீருதது வரை ரொக்கத்துல ஒரு ரூவா கொறையாது. மொத்தமும் ஒரே அடியாக் கெட்டினா வட்டி நிக்கும்."

"இத நீ அண்ணைக்கே சொல்லப்பிடாதா மக்கா?"

"பில்லுக்க பொறத்த பொடி எழுத்துல உண்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான்.

ஒரே அடியாகக் கட்டப் பதினாறாயிரம் வேண்டும். சிலுவைதாசனிடம் கேட்டால் தரக்கூடும். ஆனால் கேட்க அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சகாயசெல்வி சம்பளத்தில் பாதியைக் கார்டுக்குக் கட்டத் தொடங்கினாள். நெத்திலிக்கு மேலே வேறு மீன் வாங்கவில்லை. மெஷினை வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஓட்டி, மிச்சத்தைக் கல்லிலேயே துவைத்தாள். கரண்டு பில்லாவது குறையட்டும் என்று.

"மெஷினு கெட்டுப் போச்சா அக்கா?" என்றாள் பெபிஷா.

"இல்ல பிள்ளே. கைக்கு ஒரு பயிற்சி."

ரெஜிஷா அந்தக் காப்பைப் போட்டுக்கொண்டு மதிலோரம் பாண்டி விளையாடுவாள். ஒவ்வொரு தாவலுக்கும் அது மேலும் கீழும் ஓடும். அதைப் பார்க்கிறபோதெல்லாம், பிறத்தியார் பிள்ளையின் கையில் தன் சம்பளம் குதிக்கிறது என்று சகாயசெல்விக்குத் தோன்றும். தோன்றியதும் வெட்கமாக இருக்கும். வெட்கம் போனதும் மறுபடி தோன்றும்.

ஆகஸ்ட் மாதம், கரண்டு அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலம், ஒரு மாலையில் பெபிஷா மதிலருகே வந்து கூப்பிட்டாள். கையில் ஸ்ரீஜித் கொடுத்த அதே விண்ணப்பம். பிரைட்டனின் வங்கி வைப்பின் பேரில் அவளுக்கும் கார்டு கொடுப்பார்களாம்.

"அக்கா, இன்வெர்ட்டர் ஒண்ணு இதுல எடுக்கலாம்னு. வட்டி கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஓ."

"கொளச்சல்ல எனக்க தங்கச்சிக்கக் கல்யாணம் வருது. ரொக்கமும் ஒரு இருவது எடுத்து வைக்கலாம்னு நெனைக்கேன். ஒங்களுக்கு ஒண்ணும் வட்டி வரல்ல, இல்லியா?"

சகாயசெல்வி ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னா நான் கண்ண மூடிட்டு ஒப்பு போடுவேன் அக்கா. படிச்சவங்களுக்குத்தானே வெளங்கும்."

"நாளைக்குச் சொல்லுகேன்" என்றாள்.

அன்று சமையல் செய்கையில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு. ஒன்றும் செய்ய வேண்டாம். 'ஒரு பைசா கெடையாது' என்று பழையபடி சொன்னால் போதும். சொன்ன சொல் நிற்கும், பெபிஷா நேராகப் போய் அந்தக் குழியில் விழுவாள். இருபதாயிரம், கடைசி வரிசையில். அவளும் நெத்திலி வாங்கட்டும். அவளும் கல்லடிக்கு வரட்டும். இதையே நினைத்துக் குழம்பைக் கிண்டினாள்.

ஆனால் நினைக்க நினைக்க அந்தக் காட்சி ஒத்துவரவில்லை. கற்பனையில்கூடப் பெபிஷா கல்லடிக்கு வரவே மாட்டேன் என்றாள். பில் வந்த அன்று போனை எடுப்பாள், "வட்டி போடுகான், கேட்டியளா" என்பாள், பிரைட்டன் மொத்தத்தையும் அனுப்பிவிடுவான். ஒரே அடி. தான் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற குழியிலிருந்து அவள் ஒரு போனில் ஏறிவிடுவாள். ஏறியதும் சந்தெல்லாம் சொல்வாள், டீச்சர் சொல்லித்தான் எடுத்தேன் என்று. அவள் விழுந்தால்கூட மெத்தையில்தான் விழுவாள். சகாயசெல்விக்குக் குழம்பின் உப்பு தெரியவில்லை. விழுவதில்கூடவா ஒருத்திக்கு இப்படிக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் முன் மதிலடிக்குப் போனாள். சேலை முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஏட்டி, இன்வெர்ட்டர் எடு. ரொக்கம் எடுக்காத. அந்தக் கார்டுல ரொக்கம் எடுக்கவே எடுக்காத."

"ஏன் அக்கா?"

"எடுக்காதன்னா எடுக்காத."

"அதெப்பிடி? காரணம் சொல்லுங்க."

சொன்னாள். முதலில் வரிசையைப் பற்றி மட்டும் சொல்லிப் பார்த்தாள். பெபிஷா கெட்டிக்காரி, "இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். அதன்பிறகு ஏ.டி.எம்., காசோலை, பின்புறத்தில் எழுதியது எல்லாம் வந்தன. காப்பு கடைசியாக வந்தது.

பெபிஷா வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. "எனக்க பிள்ளைக்க காப்புக்கா நீங்க வட்டி கெட்டுகிய?"

"சிரி, நல்லாச் சிரி."

"எனக்க அம்மோ! அந்தக் காப்பைப் பாத்துட்டு எனக்க அக்கா ஒரு மாசம் எனக்கிட்டப் பேசல்ல. நான்தான் ஒங்ககிட்டப் பெரிசாக் கேட்டு வாங்கினேன்னு அவளுக்க நெனப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செக்குக்க பொறத்த... தமிழ்லயும் எழுதினியளா?"

"தமிழ்லயும் எழுதினேன்."

பெபிஷா மதிலின் மேல் கவிழ்ந்துவிட்டாள்.

அந்த வாரம் சிலுவைதாசன் கொச்சியிலிருந்து வந்தான். முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெபிஷா அந்தப் பக்கமிருந்து, "அத்தான், எனக்க மகளுக்கக் கையில கெடக்கது பவுனு இல்ல, வட்டியாக்கும்" என்று கூவினாள். சகாயசெல்வி அடுக்களைக்குள் நின்றுகொண்டே எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

அவன் உள்ளே வந்தான். அவள் அடுப்பைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னாள்.

"இன்னும் எம்புட்டு நிக்குது?"

சொன்னாள்.

கைலி மடிப்பிலிருந்து கொச்சியில் கிடைத்த பங்குப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "இண்ணைக்கே போய்க் கெட்டு." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான். "பொறத்த ஒண்ணும் எழுதாத."

அன்றே கட்டினாள். அடுத்த பில்லில், கட்டிய நாள் வரைக்குமான கொஞ்சம் வால் வட்டி இருந்தது. அதற்கடுத்ததில் எல்லாம் முடிந்தது. மெஷினுக்கு வட்டியில்லாத வருடம் முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. அது யாருக்கும் பயனில்லாமல் அப்படியே போயிற்று.

பெபிஷா இன்வெர்ட்டர் வாங்கினாள். ரொக்கம் எடுக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குப் பிரைட்டன் தனியாக அனுப்பினான். ஆனால் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் பில் வந்ததும் கவரைப் பிரிக்காமலே மதில் வழியாக நீட்டுவாள்.

"வாசிச்சுச் சொல்லுங்க அக்கா. வட்டி வல்லதும் ஏறியிருக்கா?"

சகாயசெல்வி மதிலில் சாய்ந்துகொண்டு மேலிருந்து கீழ்வரை வாசிப்பாள். பின்புறத்துப் பொடி எழுத்தையும் விடமாட்டாள். அவளைப்போல அந்தக் காகிதத்தை வாசிக்க முட்டத்தில் வேறு ஆளில்லை. வட்டி என்ற கட்டத்துக்கு வரும்போது விரல் நிற்கும். ஒரு நூறு வேண்டாம், ஒரு பத்து ரூபாயாவது அதில் இருக்கக்கூடாதா என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். இருக்காது. மாதாமாதம் பூஜ்யம்தான். தனக்கு இப்படிச் சொல்லித்தர மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இல்லாமல் போனாளே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருக்கும்.

"என்னக்கா, வட்டி உண்டுமா?"

"இல்ல" என்பாள் சகாயசெல்வி, காகிதத்தை மடித்துக் கொடுத்து.